பஸ்சில சீட் கிடைச்சது கோட்டாலயோ, காலாலயோ?

போன இதழ்ல ஒரு வாசகர் ரோசா பார்க்ஸ் ஆர் எண்டு கேட்டதுக்கு நாலு வரி எழுதியிருந்தன். 1955 டிசம்பர் 1ம் திகதி அமெரிக்காவில, அலபாமா மாநிலத்தில மொன்கொமரி எண்ட நகரத்தில, பஸ்சில வெள்ளைக்காரருக்கு சீட் விட்டுக்குடுக்க மாட்டன் எண்டு இருந்து கைதான தையல் வேலை செய்யிற கறுப்பினப் பெண் எண்டு. அந்தக் கைதை எதிர்த்து ஊர்க் கறுப்பு மக்கள் பஸ்சில ஏறாம விட்டதுதான் மொன்கொமரி பஸ் பகிஷ்கரிப்பு. அந்த நாலு வரி போதாது எண்டு வந்த கேள்வியளைப் பாத்தா விளங்குது. அதால இந்தக் கிழமை முழுக்க அந்த விஷயம்தான், மற்றக் கேள்வி அனுப்பினவை அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கோ.

வெள்ளவத்தை, ஏ.எல் மாணவி: அக்கா, 1954 தீர்ப்போட அமெரிக்காவில நிறப்பாகுபாடு முடிஞ்சது எண்டு எங்கட டியூஷன் நோட்ஸில இருக்கு. அப்ப 1955ல பஸ் பகிஷ்கரிப்பு ஏன் நடந்தது? முடிஞ்ச ஒண்டுக்கு ஏன் போராடினவை?

தங்கச்சி, நோட்ஸில திகதி சரி, "முடிஞ்சது" எண்ட சொல்லுதான் பிழை. 1954 மே 17ம் திகதி அமெரிக்க சுப்ரீம் கோட்டின்ர 9 நீதியரசர்மாரும் ஒரே முடிவா சொன்னது என்னெண்டா, அரசாங்கப் பள்ளிக்கூடங்களில பிள்ளையளை நிறம் பாத்துப் பிரிக்கிறது அரசியலமைப்புக்கு எதிர் எண்டு. பிரவுண் வழக்கு எண்டு சொல்லுறது இதைத்தான். அது பள்ளிக்கூடத்தைப் பற்றின தீர்ப்பு. பஸ், சாப்பாட்டுக் கடை, தியேட்டர், ஹோட்டல் ஒண்டும் அதுக்குள்ள நேரா வரேல்லை.

ஆனா அது சின்ன விஷயம் இல்லை. ஏன் எண்டா 1896ல அதே கோட் நேர்மாறாச் சொல்லியிருந்தது. நியூ ஓர்லியன்ஸில ஹோமர் பிளெஸி எண்டவர் வெள்ளையருக்கு ஒதுக்கின றெயில் பெட்டியில வேணுமெண்டே ஏறி இருந்து, பிடிபட்டு, சுப்ரீம் கோட் வரைக்கும் போனவர், அதுவும் ஒரு குழு முதலே கூடிக் கதைச்சுத் திட்டம் போட்டுச் செய்தது. 7க்கு 1 எண்டு தோல்வி. பிரிச்சு வைக்கலாம், சமமா இருந்தாச் சரி எண்டிச்சுது கோட். ஹார்லன் எண்ட ஒரே ஒரு நீதியரசர்தான் மாறுபட்டு எழுதினவர், எங்கட அரசியலமைப்பு நிறம் பாக்காது எண்டு. அந்த ஒருத்தர் எழுதினது தீர்ப்பா வர 58 வருஷம் பிடிச்சது.

இந்த 58 வருஷமும் சும்மா போகேல்லை. கறுப்பு மக்களின்ர உரிமைக்காகப் போராடின என்.ஏ.ஏ.சி.பி எண்ட சங்கத்தின்ர லோயர்மார், முதல் சார்ள்ஸ் ஹியூஸ்டன், பிறகு அவரிட்டப் படிச்ச தேர்குட் மார்ஷல், "சமமா இருந்தாச் சரி எண்டீங்கள், எங்க சமம் காட்டுங்கோ" எண்டு ஒவ்வொரு வழக்கா ஏறினவை. 1938ல மிசூரி சட்டக் கல்லூரி, 1950ல டெக்சாஸ் சட்டக் கல்லூரி. அதே 1950ல ஒக்லஹோமா வழக்கு எனக்கு மறக்கேலாத ஒண்டு. மக்லோரின் எண்ட வயசான வாத்தியார் மேற்படிப்புக்குப் போறார், யூனிவர்சிட்டி அவரை எடுக்குது, ஆனா வகுப்புக்குப் பக்கத்து ஒதுக்குக்குள்ள இருந்துதான் பாடம் கேட்கவேணும், லைப்ரரியில தனி மேசை, சாப்பிடவும் தனி மேசை. ஒரே கட்டடம், ஒரே புத்தகம், ஒரே பாடம். ஆனா அந்த மேசை. கோட்டுக்கே இது சமம் இல்லை எண்டு விளங்கிச்சுது.

பிரவுண் எண்டு ஒரு பேர் இருந்தாலும் பல இடத்து வழக்குகளைச் சேத்து விசாரிச்சதுதான் அது. தென் கரோலினாவில கிளாரண்டன் எண்ட பகுதியில பெற்றோர் முதல் கேட்டது ஒரு ஸ்கூல் பஸ். ஒரே ஒரு பஸ், தங்கச்சி! வெள்ளைப் பிள்ளையளுக்கு பஸ் இருந்தது, கறுப்புப் பிள்ளையள் மைல் கணக்கில நடந்தவை. அந்த வழக்கில முதல் பேரா நிண்ட ஹரி பிரிக்ஸ் பெற்றோல் ஷெட்டில வேலை செய்தவர், வேலை போச்சுது, மனுசியின்ர வேலையும் போச்சுது. அவைக்கு முன்னுக்கு நிண்ட டிலெயின் போதகரின்ர வீடு எரிஞ்சது. வழக்குப் போடுறது எண்டா லோயரைப் பிடிச்சு ஒப்பம் வைக்கிறது மட்டும் எண்டு நாங்கள் நினைக்கிறம், அங்க ஒப்பம் வைச்சவை வேலையை, வீட்டை, ஊரைப் பணயம் வைச்சவை.

பிறகு 1955 மே மாதம் அதே கோட், எப்ப சேக்கவேணும் எண்டதுக்கு நாள் குறிக்காம, நிதானமான வேகத்தில செய்யுங்கோ எண்ட மாதிரி ஒரு வசனம் போட்டிச்சுது. தெற்கு மாநிலங்களுக்கு அந்த "நிதானம்" மட்டும்தான் காதில விழுந்தது. தீர்ப்பு வந்து 10 வருஷம் கழிச்சு, தெற்கில வெள்ளைப் பிள்ளையளோட ஒரே பள்ளிக்கூடத்தில இருந்த கறுப்புப் பிள்ளையள் 100க்கு 2 பேர் கூட இல்லை. சோதனையில இந்தக் கேள்வி வந்தா "1954ல தொடங்கிச்சுது" எண்டு எழுதுங்கோ.

கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற ஒருவர்: மகள், மொன்கொமரி பஸ் விஷயத்தில வெண்டது வழக்குத்தான், பகிஷ்கரிப்பு இல்லை எண்டு என்ர மகன் வாதாடுறான். நான் ஹர்த்தால், சத்தியாக்கிரகம் எல்லாம் பாத்த ஆள், எனக்கு மனம் ஒப்பேல்லை. எது சரி?

ஐயா, உங்கட மகன் சொல்லுறதில பாதி உண்மை. அந்தப் பாதியை முதல் சொல்லுறன்.

பகிஷ்கரிப்பு 1955 டிசம்பர் 5ம் திகதி தொடங்கி 381 நாள் நடந்தது. அந்த பஸ்களில ஏறினவையில பெரும்பகுதி கறுப்பு மக்கள், அதால கம்பனிக்கு சரியான நட்டம். ஆனாலும் நகரசபை அசையேல்லை. கடைசியில பஸ்சில பிரிச்சு இருத்துறது செல்லாது எண்டு சொன்னது கோட்தான். பிரவுடர் வழக்கு எண்டு பேர். 4 பெண்கள் வழக்காளியள், லோயர் ஃப்ரெட் கிரே, அப்ப அவருக்கு 25 வயசு. 1956 ஜூன் மாதம் 3 நீதிபதியள் இருந்த சமஷ்டி நீதிமன்றம் 2க்கு 1 எண்டு தீர்ப்புச் சொல்லிச்சுது, நவம்பர் 13ம் திகதி சுப்ரீம் கோட் அதை உறுதிப்படுத்திச்சுது. ரோசா பார்க்ஸின்ர பேர் அந்த வழக்கில இல்லை, அவவின்ர வழக்கு மாநிலக் கோட்டில இழுபட்டுக்கொண்டு இருந்தது.

இப்ப மற்றப் பாதி. பகிஷ்கரிப்பு தொடங்கேக்க அவை கேட்டது என்ன தெரியுமோ ஐயா? பாகுபாட்டை முழுக்க எடுங்கோ எண்டு கூட இல்லை. மரியாதையா நடத்துங்கோ, கறுப்பு மக்கள் பின்னுக்கிருந்தும் வெள்ளையர் முன்னுக்கிருந்தும் வந்த ஒழுங்கில இருக்கட்டும், ஒருத்தரையும் எழுப்பாதேங்கோ, எங்கட ஆக்கள் கூடப் போற பாதையளில எங்கட டிரைவர்மாரையும் போடுங்கோ. இவ்வளவுதான். அதைக் கூடக் குடுக்க நகரசபைக்கு மனம் வரேல்லை. 1956 ஜனவரி 30ம் திகதி பகிஷ்கரிப்பை முன்னுக்கு நிண்டு நடத்தின மார்ட்டின் லூதர் கிங்கின்ர வீட்டுக்குக் குண்டு வைச்சவை, உள்ளுக்க மனுசியும் கைக்குழந்தையும். ரெண்டு நாள் கழிச்சு, பெப்ரவரி 1ம் திகதி, வழக்குப் பதிவாகுது, இந்த முறை பாதி இல்லை, முழுசா. ஊர் மக்கள் ரெண்டு மாசம் நடந்து நடந்து, சின்னதாக் கேட்டதுக்கே குண்டுதான் பதில் எண்டு கண்டபிறகுதான் அந்த வழக்கு அந்த வடிவத்தில வந்தது. நடை இல்லாட்டி அப்பிடி ஒரு வழக்கு வந்திருக்கும் எண்டு நான் நம்பேல்லை.

வழக்காளியள் 4 பேர் எண்டு சொன்னன், தொடக்கத்தில 5 பேர். ஒருத்தி வெருட்டல் தாங்கேலாம பேரை எடுத்துப்போட்டா. அவவில எனக்கு ஒரு குறையும் இல்லை. மற்ற 4 பேரும் நிண்டதுக்கு, பின்னால ஒரு ஊரே நடந்துகொண்டிருந்தது ஒரு பெரிய காரணம் எண்டுதான் நினைக்கிறன்.

இன்னொண்டு சொல்லாம விடேலாது. ஆக்கள் எப்பிடி வேலைக்குப் போனவை? தொடக்கத்தில கறுப்பின டாக்சிக்காரர் பஸ் காசுக்கே, 10 சதத்துக்கு, ஏத்தினவை. நகரசபை பழைய சட்டத்தைத் தேடி எடுத்து 45 சதத்துக்குக் குறைய வாங்கினாக் குற்றம் எண்டிச்சுது. உடனே சொந்தக் கார் வைச்சிருந்தவை, சேர்ச் வாகனங்கள் எல்லாம் சேந்து, எங்க ஏறுறது எங்க இறங்குறது எண்டு இடம் குறிச்சு, பஸ் சேவை மாதிரியே ஓட்டினவை. கடைசியில நகரசபை அந்தக் கார் ஓட்டத்தையும் தடை செய்ய மாநிலக் கோட்டுக்குப் போச்சுது. விசாரணை நடந்த நாள் 1956 நவம்பர் 13. கிங் கோட்டுக்குள்ள இருக்கிறார், எல்லாம் முடியப்போகுது எண்டு மனம் உடைஞ்சுபோய். அந்த நேரம்தான் வொஷிங்டனில இருந்து செய்தி வருது, சுப்ரீம் கோட் எங்கட பக்கம் எண்டு. ஒரே நாள், ஒரு கோட் காரை நிப்பாட்டுது, இன்னொரு கோட் பஸ்சைத் திறக்குது!

கட்டளை எழுத்தில வந்து சேர டிசம்பர் 20 ஆச்சுது. அந்த ஒரு மாசத்துக்கு மேல கார் ஓட்டமும் இல்லை, பஸ்சும் இல்லை, அதுதான் சரியான கஷ்டம், அப்பவும் நடந்தவை. மகனிட்டச் சொல்லுங்கோ ஐயா, கோட் கதவைத் திறந்தது உண்மை, ஆனா அந்தக் கதவடியில 381 நாள் நிண்டது ஆர் எண்டு கேளுங்கோ.

தெமட்டகொட, கடை வைச்சிருக்கிற வாசகர்: தனியார் கடை, ஹோட்டல்காரரை எப்பிடி அரசாங்கம் கட்டாயப்படுத்தினது? அது அவையின்ர சொந்த இடம்தானே?

அந்தக் கேள்வியோடயே ஒரு மோட்டல்காரர் கோடேறினவர், அண்ணை. 1960 பெப்ரவரி 1ம் திகதி கிரீன்ஸ்பரோவில 4 கறுப்பு மாணவர்கள் வூல்வேர்த் கடையில வெள்ளையருக்கு மட்டும் எண்ட சாப்பாட்டு மேசையில இருந்து எழும்ப மாட்டம் எண்டதில தொடங்கி, கன ஊருக்குப் பரவி, 1964 ஜூலை 2ம் திகதி, கடை, ஹோட்டலில நிறம் பாத்து மறிக்கேலாது எண்ட சிவில் உரிமைச் சட்டம் வந்தது. வந்த கையோட அட்லான்டாவில 216 அறை இருக்கிற மோட்டல் ஒண்டு, என்ர இடம் என்ர விருப்பம் எண்டு வழக்குப் போட்டிச்சுது. அந்த வருஷம் டிசம்பரிலயே சுப்ரீம் கோட் நீதியரசர்மார் எல்லாரும் சேந்து அந்த வழக்கைத் தள்ளுபடி செய்துபோட்டினம். மாநிலம் விட்டு மாநிலம் பயணம் போற ஆக்களை வைச்சு வியாபாரம் செய்யிற நீங்கள், மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகத்துக்கு சட்டம் போடுற அதிகாரத்துக்குள்ள வாறீங்கள் எண்டு. கடைக் கதவை ஊருக்குத் திறந்து வைச்சா ஆளைப் பாத்து மூடேலாது, எனக்கு அது நியாயமாத்தான் படுது.

தெஹிவளை, 2 பிள்ளையளின்ர அம்மா: போராட்டத்துக்கு சின்னப் பிள்ளையளை முன்னுக்கு விட்டது சரியோ? படம் பாத்து எனக்கு நித்திரை வரேல்லை.

1963 மே மாதம் அலபாமாவில பர்மிங்ஹாம் நகரத்தில எடுத்த படங்களைச் சொல்லுறீங்கள் எண்டு நினைக்கிறன். ஊர்வலம் போன பிள்ளையள் மேல பொலிஸ் நாய், தண்ணிக் குழாய். பாத்தா வயிறு பத்தும்தான் அம்மா. அந்த நேரமே கனபேர் இதே கேள்வியைக் கேட்டவை, கேட்டதில பிழை இல்லை. என்னிட்டயும் முழுப் பதில் இல்லை.

ஆனா ஒண்டு, பிள்ளையளை ஆரோ இழுத்துக்கொண்டு போனவை எண்டு மட்டும் நினையாதேங்கோ. 1951 ஏப்ரல் 23ம் திகதி வேர்ஜீனியாவில ஃபார்ம்வில் எண்ட சின்ன ஊர். கறுப்புப் பிள்ளையளுக்கான பள்ளிக்கூடம் 180 பேருக்குக் கட்டினது, படிச்சது 450 பேர். இடம் காணாம தார்க் கடதாசி ஒட்டின கொட்டில்களில வகுப்பு, மழைக்கு ஒழுகும். 16 வயசு பார்பரா ஜோன்ஸ் ஒரு சில கூட்டாளியளோட ரகசியமாத் திட்டம் போட்டு, பிரின்சிபலை ஒரு போன் கோலால வெளிய அனுப்பிப்போட்டு, எல்லாரையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டு, புதுக் கட்டடம் தாற வரைக்கும் வகுப்புக்கு வரமாட்டம் எண்டு வெளிநடப்பு. பெரியாக்கள் ஒருத்தரும் சொல்லிக்குடுக்கேல்லை. லோயர்மார் வந்து, நல்ல கட்டடம் கேட்டு நாங்கள் வழக்காட மாட்டம், பிரிவினையே வேண்டாம் எண்டு கேக்கிறதெண்டா வாறம் எண்டவை. 117 பிள்ளையளின்ர பேரில வழக்குப் போச்சுது. தங்கச்சிக்கு மேல சொன்ன பிரவுண் தீர்ப்புக்குள்ள அந்த வழக்கும் ஒண்டு. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையளின்ர கோவம் சுப்ரீம் கோட் வரைக்கும் போச்சுது.

விலை இல்லாம இல்லை. பார்பராவை அங்க வைச்சிருக்கப் பயந்து, மொன்கொமரியில இருந்த மாமா வீட்டுக்கு அனுப்பினவை. தீர்ப்புக்குப் பிறகு அந்தப் பகுதி நிர்வாகம் என்ன செய்தது தெரியுமோ, சேத்துப் படிப்பிக்கிறதை விட பள்ளிக்கூடமே வேண்டாம் எண்டு 1959ல எல்லா அரசாங்கப் பள்ளிக்கூடத்தையும் இழுத்து மூடிச்சுது. 5 வருஷம். வெள்ளைப் பிள்ளையளுக்குத் தனியார் பள்ளிக்கூடம் திறந்தவை. கறுப்புப் பிள்ளையளுக்குப் படிப்பே இல்லாமப் போச்சுது, சொந்தக்காரர் வீட்டுக்கு வேற ஊருக்குப் போகக்கூடியவை போனவை. 1964ல திருப்பியும் சுப்ரீம் கோட் சொல்லித்தான் திறந்தது. 7 வயசில வீட்ட இருந்த பிள்ளைக்கு அப்ப 12 வயசு. எனக்கு நித்திரை வராத இடம் இதுதான், அம்மா.

மருதானை, ஒரு வாசகி: இதில எங்கட கொழும்புக்கு ஏதாவது தொடர்பு இருக்கோ?

இருக்கு, அதுவும் புதுக்கடையில. 1935 கடைசியில ஹோவர்ட் தர்மன் எண்ட கறுப்பினப் போதகரும் மனுசியும் இன்னும் ரெண்டு பேரும் இந்தியா, பர்மா, இலங்கைக்கு நல்லெண்ணப் பயணம் வந்தவை. கொழும்பு சட்டக் கல்லூரியில அவர் பேசின விஷயமே, அமெரிக்காவில சட்டத்தால தங்கட சனத்துக்கு இருக்கிற தடையள். பேச்சு முடிய ஒரு இலங்கையர் அவரைக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டு, நேரா முகத்துக்குக் கேட்டவர்: உங்கட ஆக்களை அடிமையா வித்தவன் கிறிஸ்தவன், அடிச்சவன் கிறிஸ்தவன், நீங்கள் அதே மதத்தைப் பேச இங்க வந்து நிக்கிறீங்கள், உலகத்துக் கறுத்த சனத்துக்கு நீங்கள் துரோகம் செய்யிறீங்கள் எண்டு நினைக்கிறன் எண்டு. தர்மன் கோவிக்கேல்லை. மணித்தியாலக் கணக்கில இருந்து பதில் சொன்னவர். அதுக்குப் பிறகு இந்தியாவில காந்தியைச் சந்திச்சவர். கொழும்பில கேட்ட கேள்வி அவரை விடேல்லை, 1949ல அதையே தொடக்கமா வைச்சு ஒரு புத்தகம் எழுதினவர், அவரின்ர சிந்தனை கிங்கில ஆழமாப் பதிஞ்சது. புதுக்கடைப் பக்கம் வழக்குக்குப் போய் நிண்டா எனக்கு இந்தக் கோப்பிதான் ஞாபகம் வரும்.

பம்பலப்பிட்டி, இளம் சட்டத்தரணி: அக்கா, அமெரிக்காவைப் பற்றிக் கதைக்கிறம், எங்கட சமூகத்துக்குள்ள இருந்ததைப் பற்றி ஏன் கதைக்கிறேல்லை?

கதைக்கத்தான் வேணும். யாழ்ப்பாணத்தில தேத்தண்ணிக் கடையில சாதி சொல்லி ஒதுக்கின ஒரு பகுதி சனத்துக்கு உள்ளுக்க இடம் இல்லை, வெளியில நிண்டு போத்தலிலயும் தகரப் பேணியிலயும் வாங்கிக் குடிச்சவை. என்ர அப்பா சின்ன வயசில இதைக் கண்ணால பாத்தவர், தான் உள்ளுக்க வாங்கில இருந்து கிளாசில குடிச்சுக்கொண்டு பாத்தவர், அதைச் சொல்லேக்க எல்லாம் அவரின்ர குரல் மாறும்.

1957லயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்திட்டுது. கோயில், கடை எண்டு பொது இடங்களில சாதி சொல்லி மறிக்கிறது குற்றம். கடுதாசியில எல்லாம் சரி. ஆனா 1966 ஒக்டோபர் 21ம் திகதி சுன்னாகத்தில இருந்து ஊர்வலம் போய் அடி வாங்கி, சங்கானையில கடைக்குள்ள போய் இருந்து, 1968ல மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில நாள் கணக்கில நிண்டு, உயிரும் போய், அதுக்குப் பிறகுதான் கதவுகள் ஒவ்வொண்டாத் திறந்தது. சட்டம் வந்து 9 வருஷம் கழிச்சும் ஒரு கிளாசுக்காக ஊர்வலம் போகவேண்டி இருந்தது. நீங்கள் சட்டத்தரணி, தம்பி. உங்களிட்ட நான் கேக்கிறது, அந்த 9 வருஷத்தில அந்தச் சட்டத்தின் கீழ எத்தினை வழக்கு, ஆர் போட்டது, என்ன முடிவு எண்டு பழைய கோவைகளில தேடி எழுதுங்கோ. மொன்கொமரி வழக்காளியளின்ர பேர் எனக்குப் பாடம், சங்கானையில பேர் குடுத்தவையின்ர பேர் எனக்கே முழுக்கத் தெரியாது, அது எனக்கு வெக்கமா இருக்கு.

கிராண்ட்பாஸ், ஒரு மாணவன்: ரோசா பார்க்ஸுக்கு முதலே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எழும்ப மாட்டன் எண்டதாமே? அவவுக்கு என்ன நடந்தது?

கிளோடெட் கொல்வின், 15 வயசு, 1955 மார்ச் 2ம் திகதி, அதே மொன்கொமரி. பொலிஸ் இழுத்துக்கொண்டு போச்சுது. அந்த நேரம் தலைவர்மார் அவவை முன்னுக்கு வைச்சுப் போராட விரும்பேல்லை, ஆனா பிரவுடர் வழக்கில பேர் குடுத்த 4 பெண்களில அவவும் ஒருத்தி, கோட்டில ஏறிச் சாட்சியும் சொன்னவ. பிறகு ஊரில வேலை கிடைக்காம நியூயோர்க் போய் வயசானவையைப் பராமரிக்கிற இடத்தில தாதி உதவியாளரா 30 வருஷத்துக்கு மேல வேலை செய்தவ. 1955ல சிறுவர் கோட் அவவை நன்னடத்தைக் கண்காணிப்பில விட்டது, அது முடிஞ்சுது எண்டு ஒருத்தரும் அவவுக்குச் சொல்லவே இல்லை. 2021ல, 82 வயசில, திருப்பியும் மொன்கொமரி கோட்டுக்கே மனுப் போட்டவ, என்ர பேரில இருக்கிற அந்தப் பதிவை அழியுங்கோ எண்டு. அந்த வருஷமே நீதிபதி அழிக்கச் சொல்லிக் கட்டளை போட்டார்.